முதல் வரியில் ஒரு பிள்ளையார் சுழி

“ஏம்மா கோமதி, சாகுல் எழுதிக் குடுத்தத அப்பிடியே அடிச்சியா? இல்ல, நீயா எதாச்சும் சேத்தியா?”

“அப்பிடியேதான் அடிச்சேன் சார்.”

மேனேஜரின் அறை. ஒரு திங்கட்கிழமை காலை. அவர் மேசையின் கண்ணாடிக்கு அடியில் மில்லின் பழைய காலண்டர் ஒன்று இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன். எனக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி சாகுல் ஹமீது சார் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவ்வளவு கோபம்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. எட்டு மாதம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து நான் அடித்து ஏற்றிய தொழிலாளர் பதிவுகள் முழுவதும் முந்தின சனிக்கிழமை கம்ப்யூட்டரிலிருந்து அழிந்துவிட்டன. யார் எப்போது சேர்ந்தார், எந்த ஷிப்ட், எப்போது விலகினார், ஏன் விலகினார் என்று அட்டை அட்டையாகப் பார்த்து அடித்தவை. அழித்தது சாகுல் சார் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட். வாரா வாரம் பழைய குப்பையைத் துடைக்க எழுதியது, குப்பையை விட்டுவிட்டு வீட்டையே துடைத்துவிட்டது.

என் பதிலைக் கேட்டதும் மேனேஜர் மெமோவில் கையெழுத்துப் போட்டார். ‘கவனக்குறைவு’ என்று காரணம் எழுதியிருந்தது. சாகுல் சார் அதை வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்.

ஏசி அறையில் இரண்டு பேர்

ராஜபாளையத்தில் அந்த நூற்பாலைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனோம். மில்லில் ஏசி போட்ட அறை அது ஒன்றுதான். சித்திரை வெயிலில் ஆபீசர்கள் ஒவ்வொருவராக, “மிஷின் நல்லா ஓடுதா?” என்று விசாரிக்க வருவார்கள். அரைமணி நேரம் விசாரிப்பார்கள்.

மற்ற நேரத்தில் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். சாகுல் சார் ப்ரோகிராமர், நான் ஆப்பரேட்டர். அவர் ஊர் வத்திராயிருப்பு, நான் ஸ்ரீவில்லிபுத்தூர். சாயங்காலம் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். அவர் முன்பக்கம் நிற்பார், நான் பெண்கள் பக்கம். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஊர் வாய்க்குப் பயம். அறைக்குள் போய்விட்டால் பேச்சு ஓயாது, எல்லாம் ஷெல்லைப் பற்றித்தான்.

ஷெல் என்றால் இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. அப்போது கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படமும் கிடையாது, தொடுவதும் கிடையாது. நாம் ஒரு வரி அடித்தால் அதை வாங்கி மிஷினிடம் சொல்லி வேலையை முடித்துக் கொடுக்கும் தரகர்தான் ஷெல். பல வரிகளை ஒரு கோப்பில் எழுதி மொத்தமாகக் கொடுத்தால் அது ஸ்கிரிப்ட்.

எங்கள் மிஷினோடு வந்த ஷெல் பழசு. சாகுல் சார் மதுரையில் ஒரு கல்லூரியில் கேட்டு, டேப்பில் புது ஷெல் ஒன்றை வாங்கி வந்து போட்டார். வெளிநாட்டில் யாரோ நாலைந்து பேர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. பழைய ஷெல்லும் ஒரு ஓரத்தில் அப்படியே இருந்தது. புதியதற்கு ஒரு கையேடு. ஜெராக்ஸ் எடுத்துச் சுருள் கம்பி போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். நான் அதைச் சாப்பிடும்போதுகூடப் புரட்டுவேன். அச்சில் வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் ஜாதி நான்.

சாகுல் சார் அப்படி இல்லை. “கோமதி, இருபதாம் பக்கத்துல ஒண்ணு சொல்லுதான், அறுபதாம் பக்கத்துல வேற சொல்லுதான். எவனும் சேத்து வச்சுப் படிக்கல போலுக்க” என்று பென்சிலால் ஓரத்தில் குறித்து வைப்பார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகக்கூடத் தோன்றும்.

சுழி

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. எழுதுகிறவர் வேறு, அடிக்கிறவர் வேறு. சாகுல் சார் தாளில் எழுதிக் கொடுப்பார். தாளின் உச்சியில் பிஸ்மில்லாவுக்கு 786 என்று போட்டுவிட்டுத்தான் முதல் வரி. நான் அதைப் பார்த்து மிஷினில் அடிப்பேன். 786ஐ அடிக்கமாட்டேன். அது அவருடையது, ப்ரோகிராம் அல்ல.

எனக்கு என்னுடையது. கடுதாசியோ, மளிகைச் சீட்டோ, எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் எனக்குக் கை ஓடாது. மிஷினில் தமிழ் கிடையாது. அதனால் 2 என்று அடித்துப் பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். பார்த்தால் ‘உ’ போலவே இருக்கும். வெறுமனே போட்டால் ஷெல் அதையும் ஒரு கட்டளை என்று நினைத்து, ‘இப்படி ஒன்று எனக்குத் தெரியாதே’ என்று கத்தும். கையேட்டில் வழி இருந்தது. வரியின் தொடக்கத்தில் # போட்டுவிட்டால் ஷெல் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, அதனால் எந்த விளைவும் இல்லை. அச்சில் அப்படித்தான் இருந்தது.

ஆகவே நான் அடித்த எல்லா ஸ்கிரிப்டுக்கும் தலையில் # போட்ட ஒரு பிள்ளையார் சுழி உண்டு. மேனேஜர் கேட்டபோது, “அப்பிடியேதான் அடிச்சேன்” என்றேனே, அது பொய் என்று நான் நினைக்கவே இல்லை. எந்த விளைவும் இல்லாத வரியைச் சேர்த்ததாக எப்படிச் சொல்வது?

மூன்று நாள் மட்டும்

சாகுல் சார் போனபிறகு அட்டைகளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தேன். ஏசி அறையில் ஒரே ஆள். விரல் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. நாலு மணிக்குக் கேண்டீன் ராக்கம்மா அக்கா டீ கொண்டுவருவாள். அதுவரை வாயைத் திறக்க வாய்ப்பே இருக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் குரலே எனக்கு அந்நியமாக இருக்கும்.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்குக் காது மந்தம். அவளிடம் ஆபீஸ் கதை சொல்வதானால் தெருவுக்கே சொல்லவேண்டும்.

இப்படி நாலைந்து மாதம் ஓடியது. ஒரு நாள், அடித்ததில் விடுபட்டவை உண்டா என்று பார்க்கச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தவறு வந்தால் நின்றுவிட வேண்டும் என்று அதில் ஒரு வரி. அது நிற்கவே இல்லை, தன்பாட்டுக்கு ஓடியது. எங்கேயோ தட்டச்சுப் பிழை என்று தலையிலடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அதையே புதிதாக அடித்தேன். இந்தமுறை நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம். இரண்டாவதில் பிள்ளையார் சுழி இல்லை.

ஏன் இல்லை என்று பெண்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குத் தூரம். அந்த மூன்று நாளும் கோயிலுக்கும் போகமாட்டேன், சுழியும் போடமாட்டேன். அம்மா பழக்கிவிட்டது. மாதத்தில் மூன்று நாள் நான் அடித்தவை மட்டும்தான் சரியாக ஓடியிருக்கின்றன!

சுழியை எடுத்தேன், போட்டேன், எடுத்தேன், போட்டேன். இருபது தடவையாவது செய்து பார்த்திருப்பேன். முதல் வரியின் முதல் எழுத்து # ஆக இருந்தால், புது ஷெல் அந்த ஸ்கிரிப்டைத் தான் ஓட்டாமல் ஓரத்தில் கிடந்த பழைய ஷெல்லிடம் தள்ளிவிடுகிறது. பழையதற்கு ‘தவறினால் நில்’ என்ற குறி புரியாது. புரியாததைத் தாண்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

சாகுல் சாரின் ஸ்கிரிப்டை எடுத்து வைத்துக்கொண்டேன். மிஷினுக்குள் கோப்புகளைப் பிரித்து வைக்கும் இடத்தை நாங்கள் அறை என்போம். ‘பழசு என்ற அறைக்குப் போ. போக முடியாவிட்டால் நில். அங்கே இருப்பதை எல்லாம் அழி. பிறகு டேப்பில் நகல் எடு.’ பதிவுகள் அழிந்ததற்கு முந்தின வாரம்தான் அந்தப் பழசு அறையை மேனேஜர் எடுத்துவிடச் சொல்லியிருந்தார். அறை இல்லை, போக முடியவில்லை. ஸ்கிரிப்ட் நின்றிருக்க வேண்டும். நிற்காமல், தான் இருந்த அறையிலேயே கிடந்ததை எல்லாம் அழித்திருக்கிறது. அது இருந்தது என் எட்டு மாத உழைப்பின் நடுவில். பிறகு எங்களிடம் இருந்த ஒரே டேப்பில், எதுவுமில்லாததை ஒழுங்காக நகலும் எடுத்து வைத்திருக்கிறது.

அவர் எழுதியதில் ஒரு புள்ளி தப்பில்லை. தப்பு கையேட்டில், ஷெல்லில். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் விரல்.

ஏசியைக் குறைத்தேன். குளிர் ஏசியால் இல்லை என்று எனக்கே தெரியும்.

யாரிடம் சொன்னேன்

மேனேஜர் அறை இருபதடி தூரம். எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம், சம்பள வேலை முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளினேன். என் வேலை போனால் நானும் அம்மாவும் என்ன செய்வோம் என்று பயந்தேன். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படிவம் உண்டு. பிழை கண்டால் எழுதி அனுப்புங்கள் என்று வெளிநாட்டு விலாசம். மூன்று கேள்விகள். என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? அந்த மூன்றாவது கேள்விக்கு முன்னால் நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில், ‘கோப்புகள் அழிந்தன’ என்று மட்டும் எழுதினேன். ஒரு ஆளும் போனார் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

பிழையை மட்டும் சொல்ல மனம் ஒப்பவில்லை. அந்த டேப்பிலேயே ஷெல்லின் மூல நிரலும் இருந்தது. அட்டை அடிப்பதற்கு நடுவே மூன்று வாரம் அதைத் துழாவினேன். பாதி புரியாது. சாகுல் சார் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். ஒரு வழியாக இடம் அகப்பட்டது. ஷெல் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறது. இரண்டாவது எழுத்தையும் பார், பழைய ஷெல்லைக் கேட்கும் குறி அங்கே இருந்தால் மட்டும் அதனிடம் தள்ளு என்று ஒரு வரியைத் திருத்தினேன். தலையில் சுழியோடு ஓட்டினேன். நிற்க வேண்டிய இடத்தில் ஸ்கிரிப்ட் நின்றது.

அந்த நேரம் பார்த்து ராக்கம்மா அக்கா டீயோடு வந்தாள்.

“அக்கா, சரியாயிருச்சுக்கா!”

“என்னட்டி, வயித்து வலியா? அதான் மொகம் ஒரு மாதிரி கெடந்துச்சா? சுக்கு போட்டுக் குடின்னு எம்புட்டு நாளாச் சொல்லுதேன்.”

ஆமாம் என்று சொல்லி டீயைக் குடித்தேன். அவள் போனபிறகு கொஞ்சம் அழுதேன். என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதைச் சொன்னால் புரிந்துகொள்ள அந்த வட்டாரத்திலேயே ஒரே ஒருவர்தான் இருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீசில் உறையை நீட்டியபோது குமாஸ்தா தூக்கிப் பார்த்தார். “கனமா இருக்கே. யாரு, மாப்ளையா அங்கன?” நம் ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு ஏதாவது போனால் ஒன்று பால்கோவா, இல்லையென்றால் ஜாதகம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

பதில்

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த ஷெல்லைப் பராமரிப்பவர்களில் ஒருவர் எழுதியிருந்தார். திருத்தம் சரியாக இருக்கிறது, அடுத்த வெளியீட்டில் சேர்த்துவிட்டோம், மிக்க நன்றி. படித்துக்கொண்டே வந்தேன். அடுத்த பத்தியை இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருந்தது.

கையேட்டில் உள்ள இந்தத் தவற்றை உங்கள் பகுதியிலிருந்தே ஒருவர் சில மாதங்களுக்கு முன் எங்களுக்குத் தெரிவித்திருந்தார், அவருடைய கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன், அவர் பிழையைக் காட்டினார், நீங்கள் திருத்தத்தைக் காட்டியிருக்கிறீர்கள், அங்கே உங்களுக்கு ஒரு நல்ல குழு அமைந்திருப்பது மகிழ்ச்சி.

இணைப்பைப் பிரித்தேன். உச்சியில் 786. எனக்குத் தெரிந்த அந்தச் சாய்ந்த கையெழுத்து.

மெமோவோடு அவருக்குக் கொடுத்த ஸ்கிரிப்டின் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். மிஷின் இல்லை, ஷெல் இல்லை. கையில் இருந்தது அந்தத் தாளும் கையேடும்தான். ‘தட்டச்சு செய்தவர் முதல் வரியில் ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறார். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தின்படி அதற்கு விளைவு இல்லை. பின்னிணைப்பின் கடைசிப் பத்தியின்படி விளைவு உண்டு. எது சரி?’

கடிதத்தின் காலம், அவர் வேலையை விட்ட அடுத்த மாதம். அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உரக்கடை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினேன். முக்கால் மணி நேரம்கூட இல்லை. பஜாரில் விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். தன் மச்சானின் உரக்கடையில் உட்கார்ந்திருந்தார். மகாராஜபுரத்துச் சம்சாரி ஒருவருக்குப் பூச்சிமருந்து டப்பாவோடு வந்த நோட்டீசை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“தமிழ்ல ரெண்டு மூடின்னு போட்டிருக்கான் அண்ணாச்சி. இங்கிலீசுல ஒரு மூடி. ஒண்ணே ஊத்துங்க. ரெண்டு ஊத்துனா நெல்லு கருகிப்போயிரும்.”

சம்சாரி போனதும் என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “வாங்க. வெயில்ல வந்திருக்கீக. கலர் குடிக்கீகளா?”

வெளிநாட்டுக் கடிதத்தையும் என் திருத்தத்தின் நகலையும் நீட்டினேன். நிதானமாகப் படித்தார். திருத்திய வரியை இரண்டு தடவை பார்த்தார். “அட, ரெண்டாவது எழுத்தப் பாத்தாப் போதும்! நல்லாப் புடிச்சிருக்கீக கோமதி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஏங்கியிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவமானமாகவும் இருந்தது.

“நாந்தான்னு தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?”

“உங்க சுழிக்குப் பதிலா என் 786ஐ நீங்க அடிச்சிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். எந்தச் சாமின்னு அது பாக்கல.” சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார். “யார்ட்ட சொல்றதுன்னு யோசிச்சேன். மேனேஜர்ட்ட சொன்னா உங்க வேல போயிரும். உங்ககிட்ட சொன்னா உங்க தூக்கம் போயிரும். அதான் முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எழுதிப் போட்டேன்.”

கடிதத்தின் மேலிருந்த விலாசத்தை விரலால் தட்டினார்.

“ஆனா நீங்களும் அவனுக்குத்தான எழுதியிருக்கீக. கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கவனுக்கு. இந்தா இருக்கு வத்திராயிருப்பு.”

“நாளைக்கே மேனேஜர்ட்ட சொல்லிருதேன் சார்.”

அவர் வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்துத்தான் சொன்னேன். இதையும் மறைக்க விரும்பவில்லை. அவர் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, “சொல்லுங்க” என்றார்.

கட்டம்

சொன்னேன். மேனேஜர் பாதிவரைதான் கேட்டார்.

“ஏம்மா, அந்த ஆளு போயி ஒரு வருசம் ஆகப்போகுது. இப்பப் போயி ஃபைலக் கிண்டுனா மேல இருந்து நூறு கேள்வி வரும். மிஷின் இப்ப ஒழுங்கா ஓடுதுல்லா? நீ போயி வேலயப் பாரு.”

“அவர் ஃபைல்ல கவனக்குறைவுன்னு இருக்கு சார்.”

“இருந்துட்டுப் போகுது. யாரு படிக்கப்போறா?”

நான் வேலையைப் பார்க்கப் போனேன். இன்னொரு தடவை அவர் அறைக் கதவைத் தட்டவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கையேட்டை மாற்றி அச்சடித்துவிட்டார்கள். ஒரு பிரதி அனுப்பினார்கள். பிழைகளைத் தெரிவித்தவர்கள் என்று பின்னால் ஒரு பட்டியல். அதில் அவர் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. ராஜபாளையத்தில் மட்டும் ஒரு எழுத்தும் மாறவில்லை.

அட்டைகள் முடியும் தறுவாயில் அவருடைய அட்டை வந்தது. எஸ். சாகுல் ஹமீது. விலகிய காரணம் என்ற கட்டத்தில் நாற்பது எழுத்துதான் பிடிக்கும், அதுவும் ஆங்கிலத்தில். அட்டையில் இருந்ததை அடிக்கவில்லை. முதல்முறையாகத் தெரிந்தே மாற்றி அடித்தேன். ‘தவறு இவருடையதல்ல, ஆப்பரேட்டர் கோமதியுடையது.’ எழுத்தைக் குறைத்துக் குறைத்து அந்தக் கட்டத்துக்குள் அடக்கினேன்.

மாதக் கடைசியில் முழுப் பட்டியலையும் அச்செடுத்து மேனேஜரின் மேசையில் வைத்தேன். நின்றுகொண்டே இருந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்திலும் போட்டார். யாரோ ஒருவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள் என்று அதன்பிறகு பல வருடம் அந்த அறையில் காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

அதைச் சாகுல் சாரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பியதும் உண்டு. அவர் இப்போதும் வத்திராயிருப்பில்தான் இருக்கிறார் என்று கேள்வி. முக்கால் மணி நேரப் பயணம். நான் முன்னப்பின்ன தெரியாத உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.